பவளப்பாறைப் படத்துக்குப் பிறகு மகளுக்கு எதைக் கொடுப்பது?

வணக்கம். பவளப்பாறைகள் வெளுத்துப்போவதைக் காட்டும், 2017இல் வந்த ‘சேஸிங் கோரல்’ ஆவணப்படத்தைப் பார்த்தபின் பதின்மூன்று வயது மகள் “கடலே செத்துவிட்டது” என்று கலங்குவதாகவும், உண்மையை மறைக்காமல் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரு திருத்தம் சொல்லுங்கள். வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று. வெப்பம் தாளாமல், தனக்கு உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கும் உயிர் அது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பிவரக்கூடும். வெப்பம் நீடித்தால்தான் மடிகிறது.

அடுத்து, அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1941இல் எழுதிய ‘அண்டர் த சீ-விண்ட்’ நூலைப் பரிந்துரைப்பேன். அவருடைய பிற்கால நூல்களே அதிகம் பேசப்படுகின்றன என்றாலும், கடற்பறவை, கானாங்கெளுத்தி, விலாங்கு ஆகியவற்றின் வாழ்க்கையைக் கதைபோல் பின்தொடரும் இந்நூலே இவ்வயதுக்குப் பொருந்தும். ஆங்கிலம் சற்றுக் கடினம். கூட அமர்ந்து வாசியுங்கள்.

படமென்றால் 2020இல் வெளியான ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’. சுறாவிடமிருந்து தப்ப, கிளிஞ்சல்களையும் கற்களையும் உடலெங்கும் ஒட்டிக்கொண்டு பந்துபோல் சுருளும் அந்த ஆக்டோபஸை அவள் மறக்கமாட்டாள். அதன் கை ஒன்று கடிபட்டு அறுந்து, பின்னர் மெல்ல வளர்வதும் காட்டப்படுகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெயரை நம்பி, பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் 1956ஆம் ஆண்டுப் படமான ‘த சைலண்ட் வேர்ல்ட்’டை இப்போது காட்ட வேண்டாம். பவளத்திட்டை வெடிவைத்துத் தகர்ப்பதும் சுறாக்களை அடித்துக் கொல்வதும் அதில் உண்டு.

பாதுகாப்பு பலித்த கதை வேண்டுமானால் கூனல் திமிங்கிலங்களைப் பற்றித் தேடுங்கள். வணிக வேட்டை நிறுத்தப்பட்டபின் பல கடல்களில் அவை மீண்டும் பெருகியுள்ளன.