ஒளிச்சேர்க்கை: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தார் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தாமான் வீட்டுக்காரர்): சார், கார் போர்ச்சில் கருவேப்பிலைச் சட்டி வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு தடவை உரம் போடுகிறேன். தண்டு ஒல்லியாக நீள்கிறதே தவிர இலை வெளிறிக் கிடக்கிறது. உரத்தைக் கூட்டவா?

பதில்: வேண்டாம் அக்கா, கொஞ்ச நாள் நிறுத்தியே வையுங்கள். செடியின் சாப்பாடு மூட்டையில் வருவதில்லை. காற்றிலுள்ள கரிவளியையும் (கார்பன் டைஆக்சைடு) வேர் உறிஞ்சும் நீரையும் வைத்து, வெளிச்சத்தின் பலத்தால் இலை தானே சர்க்கரை செய்துகொள்கிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் தொட்டி மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உரம் தருவது அந்த வேலைக்கு வேண்டிய தழைச்சத்து, மெக்னீசியம் போன்றவற்றைத்தான். வெளிச்சம் இல்லாத இடத்தில் அவை சும்மா கிடக்கும், கூடினால் வேரைச் சுடும்.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் 1 லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். போர்ச்சுக்கு உள்ளே சில ஆயிரம்தான். நம் கண் சட்டென்று பழகிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. சட்டியை 5, 6 மணி நேரம் நேர்வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் நிழலில் வளர்ந்த இலை கருகிவிடும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் பழக்குங்கள். நீண்ட தண்டின் நுனியைக் கிள்ளி விடுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு உரம் போடலாம்.

கேள்வி (சிறுதோட்டக்காரர், 4 ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை): அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. நோயா, சத்துக் குறைவா?

பதில்: ஐயா, ஒரு மட்டையை வெட்டிக் கையில் வைத்துப் பாருங்கள். ஓர் ஓலையின் மேல் இன்னோர் ஓலை படிந்து நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்து, வெயில் பட்ட இடம் ஆரஞ்சாக இருந்தால் அது மெக்னீசியக் குறைவு. இவ்வளவு தெளிவான அடையாளம் வேறு சத்துக் குறைவுக்குக் கிடையாது. அதை விட்டு, புள்ளி புள்ளியாக ஆரஞ்சு படர்ந்திருந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகப்படுங்கள்.

காரணம் இதுதான். வெளிச்சத்தைப் பிடிக்கும் பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசிய அணு உண்டு. மண்ணில் அது போதாதபோது மரம் பழைய மட்டையிலிருந்து எடுத்துப் புதுக்குருத்துக்கு அனுப்பும். அதனால்தான் அடி மட்டை முதலில் கெடுகிறது. பலவீனமான இலையில் வெயில் கூடுதலாக விழும்போது மிச்சமிருக்கும் பச்சையமும் சிதைகிறது. நிழல் விழுந்த பகுதி அதனால் தப்பிக்கிறது.

மணல் மண்ணிலும் மழை அதிகம் அரிக்கும் மேட்டிலும் இது சீக்கிரம் தெரியும். பொட்டாஷ் உரத்தை அளவுக்கு மேல் கொட்டினாலும் வேர் மெக்னீசியம் எடுப்பது குறையும். குலை பெருக்க வேண்டுமென்று பொட்டாஷை மட்டும் கூட்டுகிறவர்கள் தோட்டத்தில் இதைத்தான் பார்க்கலாம். கீசரைட் என்ற மெக்னீசிய உரத்தைப் போடுங்கள். முதிர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 1 கிலோ அளவு வழக்கம். சரியான அளவை, மேலிருந்து எண்ணி 17ஆம் மட்டையின் ஓலையைச் சோதனைக்கு அனுப்பி முடிவு செய்வதே நல்லது. கனமழை நாளில் போடாதீர்கள். காய்ந்துபோன ஓலை மறுபடி பச்சையாகாது. பலன் தெரிகிறதா என்று மேலே வரும் மட்டைகளில் பாருங்கள்.

கேள்வி (அதே ஐயா): அப்படியானால் கெட்டுப்போன மட்டைகளை எல்லாம் வெட்டிவிடலாமா?

பதில்: முழுக்கக் காய்ந்ததை வெட்டுங்கள். பாதி பச்சை இருப்பதை விட்டுவிடுங்கள், அதுவும் சர்க்கரை செய்துகொண்டுதான் இருக்கிறது. முதிர்ந்த மரத்தில் 40 மட்டையை ஒட்டி இருப்பது நல்லது. இளமரத்தில் பழுத்த குலைக்குக் கீழே 2 மட்டையாவது நிற்க வேண்டும், உயர்ந்த மரத்தில் 1. மாதத்துக்கு 2 மட்டை அளவில்தான் புதிதாக விரியும். அவசரப்பட்டு 10 மட்டையைக் கூடுதலாக இறக்கினால், அந்த நட்டத்தை மரம் சரிக்கட்ட 5 மாதம் ஆகும். அதற்குள் சர்க்கரை குறைந்து, குலையாக மாறாத ஆண் பூ அதிகமாக வரத் தொடங்கும். குலை குறைவது அடுத்தடுத்த ஆண்டில்தான் தெரியும் என்பதால், பழி வேறு எதன் மீதாவது விழுந்துவிடுகிறது.

கேள்வி (படிவம் 5 மாணவி): ஹைட்ரில்லா சோதனையில் குமிழே வரவில்லை, டீச்சர் சொன்னபடிதான் செய்தோம். பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து எடுத்த செடி, நல்ல விளக்கு, சுத்தமான தண்ணீர்.

பதில்: அந்தச் சுத்தமான தண்ணீர், குடிப்பதற்காகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரா? அப்படியானால் குற்றம் அதில்தான். கொதிக்கும்போது கரைந்திருந்த கரிவளி வெளியேறிவிடும். செடிக்கு மூலப்பொருளே இல்லை. குட்டைத் தண்ணீரையே வடிகட்டி ஊற்று, அல்லது 200 மில்லிலிட்டர் தண்ணீரில் 1 கிராம் சோடியம் பைகார்பனேட் கரைத்துக்கொள். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டு, வெட்டுவாய் மேலே பார்க்கட்டும். விளக்கை வைத்து 5 நிமிடம் பொறுத்திருந்துவிட்டு எண்ணத் தொடங்கு. பழைய குண்டு பல்பு என்றால் விளக்குக்கும் செடிக்கும் இடையில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வை. இல்லாவிட்டால் நீ அளப்பது வெளிச்சத்தின் விளைவா சூட்டின் விளைவா என்று பிரிக்க முடியாது.

கேள்வி (அவள் தோழி): அந்தக் குமிழில் உள்ள உயிர்வளி (ஆக்சிஜன்) கரிவளியிலிருந்து வருகிறதா, நீரிலிருந்தா?

பதில்: நீரிலிருந்து. 1941இல் ரூபன், கேமன் என்ற அறிவியலாளர்கள் கனமான உயிர்வளி அணு கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்த அணு இருந்தது. வெளிச்சம் நீரைப் பிளக்கிறது. அப்போது கிடைக்கும் ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற, ஆற்றலைச் சுமக்கும் இரண்டு மூலக்கூறுகளில் சேர்கிறது. பிறகு கால்வின் சுழற்சி எனும் இரண்டாம் கட்டத்தில் கரிவளி சர்க்கரையாகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் செலவு. இந்த இரண்டாம் கட்டத்தை ‘இருள் வினை’ என்று படித்துவிட்டு இரவில்தான் நடக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. பகலில்தான் நடக்கிறது, வெளிச்சம் அதற்கு நேரடியாகத் தேவையில்லை, அவ்வளவே.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): செம்பருத்தி இலையில் மாவுச்சத்துச் சோதனை செய்தால் பழுப்பாகவே நிற்கிறது. ஐயோடின் கெட்டுவிட்டதா?

பதில்: ஒரு சொட்டைச் சோற்றுப் பருக்கையில் விட்டுப் பாருங்கள். கருநீலமானால் ஐயோடின் நன்றாக இருக்கிறது. குறை பெரும்பாலும் இலை பறித்த நேரத்தில்தான். இரவில் மாவுச்சத்து கரைந்து வெளியே போய்விடுவதால் காலை 7 மணி இலையில் அது மிகக் குறைவாகவே இருக்கும். பிற்பகல் 2 மணிக்கு மேல், வெயிலில் நின்ற இலையைப் பறியுங்கள். கொதிநீரில் 1 நிமிடம் முக்குங்கள், இதைத் தவிர்த்தால் ஐயோடின் உள்ளே இறங்காது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த குழாயில் ஸ்பிரிட் ஊற்றி, இலை வெளுக்கும்வரை வையுங்கள். ஸ்பிரிட் 78 பாகையிலேயே கொதிக்கும், ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் கூடி நிற்கும் இடத்தில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இலை மொறுமொறுவென்று ஆகியிருக்கும். மறுபடி வெந்நீரில் நனைத்து மென்மையாக்கி, விரித்து, ஐயோடின் விடுங்கள்.

கேள்வி (பாசாரில் கீரை விற்பவர்): சிவப்புக் கீரையில் பச்சையே இல்லையே, அது எப்படிச் சமாளிக்கிறது?

பதில்: இருக்கிறது அண்ணே. வெந்நீரில் போட்டால் சிவப்பு தண்ணீரில் இறங்கிவிடும், இலை பச்சையாகத் தெரியும்.

கேள்வி (ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி): இலையுதிர் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் குறைவது ஏன்? விடிவதற்குள் வெட்டச் சொல்வதும் இதனால்தானா?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு அம்மா. பாலிலுள்ள ரப்பர், இலை செய்த சர்க்கரையிலிருந்து பட்டைக்குள் உருவாவது. பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும்போது சர்க்கரை வரத்து நின்றுவிடும். சேமித்ததும் புதுத் துளிருக்குப் போய்விடும். அந்த நேரத்தில் விடாமல் வெட்டினால் துளிர் தேறுவது தாமதமாகும்.

விடியற்காலை வெட்டு நீரழுத்தம் சம்பந்தப்பட்டது. வெயில் ஏறினால் கரிவளியை உள்ளே விட இலைத்துளைகள் திறக்கும், அதே வழியாக நீர் ஆவியாகும். மரத்துக்குள் அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும்.