உறியும் லிட்டர் டிரேயும்

அன்புள்ள ஐயா,
என் மகள் பூனை வளர்க்கிறாள். அது வீட்டுக்குள்ளேயே கழிக்கத் தட்டில் போடும் லிட்டர் மண், டப்பா சாப்பாடு என்று மாதாமாதம் செலவு. போன வாரம் சமையலறையில் எலி ஓடியது; இந்த மகாராணி புரண்டு படுத்துக்கொண்டாள். “எலி பிடிக்காத பூனைக்கு இங்கே என்ன வேலை?” என்கிறார் மாமியார். எகிப்தில் பூனையைச் சாமியாகவே கும்பிட்டார்கள் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

சரித்திரம் உங்கள் மாமியார் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. மேற்காசியாவில் தானியம் சேர்த்துவைக்கத் தொடங்கினார்கள். எலி வந்தது, எலிக்காகக் காட்டுப்பூனையும் வந்தது. யாரும் போய்ப் பிடித்துவரவில்லை. ஆனாலும் சைப்ரஸில், சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய ஒரு மனித எலும்புக்கூட்டுக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், ஏறத்தாழ எட்டு மாதப் பூனை ஒன்று புதைந்து கிடந்தது. அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெறும் எலி பிடிக்கிற ஜீவனுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பார்களா?

எகிப்தில் பாஸ்டெட் என்ற பூனைத்தலைத் தெய்வம் இருந்தது உண்மை. ஆனால் அவளுக்குக் காணிக்கையாக்கவே பூனைகளை வளர்த்து, குட்டியிலேயே கழுத்தை முறித்துப் பாடம் செய்து விற்றார்கள். 1890இல் அப்படிச் சுமார் 1,80,000 பூனைகள் லிவர்பூலுக்குக் கப்பலேறின. எதற்கு? வயலுக்கு உரமாக அரைக்க. இதை மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

குறுந்தொகை 107ஆம் பாட்டில், விடியலில் கூவித் தூக்கத்தைக் கெடுத்த சேவலைத் தலைவி சபிக்கிறாள்: நள்ளிருளில் ‘இல்லெலி பார்க்கும்’ வெருகுக் குட்டிக்கு நீ இரையாகப் போ! வெருகு காட்டுப்பூனைதான், ஆனால் கண் வைத்திருப்பது வீட்டு எலிமேல். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில், எங்கள் வீட்டுப் பூனையும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குப் பெயர் கிடையாது. ஆயா அருவாமணையில் மத்தி ஆயும்போது எங்கிருந்தோ வந்து இரண்டடி தள்ளி உட்காரும். சாம்பல் ஒட்டிய செவுளும் குடலும் அதன் பங்கு. தலையைத் தொட்டால் “சூ!” என்பாள் ஆயா. பாலும் மோரும் உறியில் தொங்கும். சோறும் போட்டு உறியும் கட்டுவது முரண்பாடு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இதை மாற்றியது அன்பு மட்டுமல்ல, உங்கள் வீட்டு லிட்டர் மண்ணும்தான். 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள் பூனைக்கு மண் கேட்டார். அவர் எண்ணெய் உறிஞ்சும் களிமண் குருணையைக் கொடுத்தார். நாற்றம் அடங்கியது. அப்புறம் பூனை வெளியே போகவேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. அதற்கு வேலை போனது அதன் குற்றமா என்று மாமியாரைக் கேட்டுப் பாருங்கள்.

அதிருக்கட்டும், அந்த எலி என்ன ஆயிற்று? எழுதவே இல்லையே.