ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு, மெடிக்கலுக்கு எப்போ போகணும்?

கேள்வி: பையனுக்கு கனடால செப்டம்பர் இன்டேக்குக்கு ஆஃபர் லெட்டர் வந்துடுச்சுங்க. ஏஜென்ட் இப்பவே விசாவுக்கான மெடிக்கல் செக்கப்பை முடிச்சிடுங்கன்னு அவசரப்படுத்துறார். பக்கத்து வீட்டுக்காரரோ, விசாவுக்கு அப்ளை பண்ணதுக்கப்புறம் கனடாக்காரங்களே மெடிக்கலுக்கு போகச்சொல்லி லெட்டர் அனுப்புவாங்க, அதுக்குள்ள ஏன் காசை கரியாக்குறீங்கன்றார். சின்ன வயசுல பையனுக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ்னு ஆறு மாசம் மருந்து குடுத்தோம், அதை நெனச்சாலும் பயமா இருக்கு. - ஒரு அப்பா, திருச்சி

பதில்: ரெண்டு பேரும் சொல்றது சரிதாங்க, ஆனா உங்க கேள்விக்கு விடை உங்க கடைசி வரியிலதான் இருக்கு.

இந்தியால இருந்து ஆறு மாசத்துக்கு மேல தங்கப்போற ஸ்டூடன்டுக்கு கனடா மெடிக்கல் கேக்கும். அப்ளை பண்றதுக்கு முன்னாடியே போகலாம், அதைத்தான் அப்ஃப்ரன்ட் மெடிக்கல்னு சொல்றாங்க, முடிச்சதும் டாக்டர் குடுக்குற ஷீட்டை அப்ளிகேஷனோட அப்லோட் பண்ணணும். இல்லேன்னா முதல்ல அப்ளை பண்ணிட்டு காத்திருக்கலாம், லெட்டர் வந்ததும் 30 நாளைக்குள்ள போயிடணும். முன்னாடி எஸ்.டி.எஸ்-னு ஒரு ஃபாஸ்ட் வழி இருந்துச்சு, அதுல அப்ளை பண்ண அப்ஃப்ரன்ட் கட்டாயம், அதை 2024 நவம்பர்லயே மூடிட்டாங்க. சில ஏஜென்டுங்க இன்னும் அந்தப் பழக்கத்துலயே சொல்லிட்டிருக்காங்க.

இந்த மெடிக்கலுக்கு ஆயுசு 12 மாசம்தான். ஆஃபர் வந்த சந்தோஷத்துல அக்டோபர்லயே போய் எடுத்துட்டு, அடுத்த செப்டம்பர் சீட்டு எதாவது காரணத்தால ஜனவரிக்கு தள்ளிப்போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து, மறுபடி ஃபீஸ். விசா ரிஜெக்ட் ஆனாலும் கட்டின காசு திரும்ப வராது, ஆனா 12 மாசத்துக்குள்ள மறுபடி அப்ளை பண்ணா டாக்டர் குடுத்த ஷீட்ல இருக்குற அதே மெடிக்கல் நம்பரையே குடுக்கலாம், இது நிறைய பேருக்கு தெரியாம ரெண்டாவது தடவையும் போய் ஊசி குத்திக்கிட்டு வர்றாங்க.

உடம்புல ஒண்ணும் இல்லாத பையன்னா பேப்பர் எல்லாம் கைக்கு வந்து அப்ளை பண்ணப்போற வாரத்துல போனா போதும்னு சொல்லிடுவேன். உங்க பையன் கதை வேற. பிரைமரி காம்ப்ளெக்ஸ்னு நம்ம ஊர்ல சாஃப்டா சொல்றாங்களே, அது டி.பி-தாங்க. அங்க டி.பி வந்திருக்கான்னு கேள்வி வரும், இல்லைன்னு போட்டுடாதீங்க, எக்ஸ்ரேல பழைய தழும்பு தெரிஞ்சா நீங்க மறைச்ச மாதிரி ஆயிடும். தழும்பைப் பாத்து சந்தேகம் வந்தா மூணு நாள் தொடர்ந்து சளி எடுத்து கல்ச்சர் போடச் சொல்வாங்க, அந்த ரிசல்ட் வர 6 லேர்ந்து 8 வாரம் ஆகும், காசு கட்டினாலும் கெஞ்சினாலும் அது சீக்கிரம் வராது, கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்டு அப்படி. லெட்டர் வரட்டும்னு இருந்துட்டு ஜூலைல போய் மாட்டினா செப்டம்பர் போச்சு. அதனால நீங்க அப்ஃப்ரன்டே போயிடுங்க, அப்ளை பண்ற தேதிக்கு ரெண்டு, மூணு மாசம் முன்னாடி. பழைய எக்ஸ்ரே ஃபிலிம், மருந்துச் சீட்டு, அந்தக் குழந்தை டாக்டர் எழுதின ஃபைல் எல்லாத்தையும் பரண்ல இருந்தாலும் தேடி எடுத்துட்டுப் போங்க.

குடும்ப டாக்டர்கிட்ட எடுத்தா செல்லாது. ஐ.ஆர்.சி.சி-ங்கிற கனடா குடியேற்றத் துறை வெப்சைட்ல, அவங்க அங்கீகரிச்ச பேனல் டாக்டர் லிஸ்ட் இருக்கு, அதுல பாத்து நீங்களே அப்பாயின்ட்மென்ட் போடலாம், ஃபீஸையும் நேரா அங்கேயே கட்டலாம், நடுவுல ஆள் தேவையில்ல. பாஸ்போர்ட் ரின்யூ பண்ற யோசனை இருந்தா அதை முதல்ல முடிச்சிடுங்க, நடுவுல நம்பர் மாறினா தேவையில்லாத அலைச்சல்.

கேள்வி: மெடிக்கல் தேதி பீரியட்ஸ் நேரத்துல விழுது. போகலாமா? - ஒரு வாசகி, மதுரை

பதில்: தள்ளி வெச்சுக்கோம்மா, கூச்சப்படாம ஃபோன் பண்ணி சொல்லு, அவங்களுக்கு இது தினப்படி விஷயம். யூரின் டெஸ்ட்ல ரத்தம் காட்டும், அப்புறம் திரும்ப வந்து குடுன்னு சொல்வாங்க, மதுரைலேர்ந்து சென்னைக்கு ரெண்டு நடை. பீரியட்ஸ் முடிஞ்சு சில நாள் கழிச்சு போனா நிம்மதி. பசங்களுக்கும் ஒரு வார்த்தை, முந்தின நாள் ஜிம்ல போட்டு உடம்பை பிழியாதீங்கப்பா, அதனாலயும் யூரின்ல புரோட்டீன் காட்டும்.

கேள்வி: கனடாக்கு எடுத்த மெடிக்கலை யு.கே. விசாவுக்கு யூஸ் பண்ணலாமா? - ஒரு மாணவர், சேலம்

பதில்: முடியாது தம்பி. யு.கே-வுக்கு டி.பி டெஸ்ட் மட்டும்தான், ஆனா அவங்க அப்ரூவ் பண்ண கிளினிக்லயே எடுக்கணும், சர்டிஃபிகேட் எக்ஸ்ரே தேதிலேர்ந்து 6 மாசத்துக்குத்தான் செல்லும். கோர்ஸ் தொடங்குறதுக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்துதான் அப்ளை பண்ணவே விடுவாங்க, அதனால எந்த மாசம் அப்ளை பண்ணப்போறேன்னு முடிவு பண்ணிட்டு எக்ஸ்ரேக்கு போ.