முன்பணம் கட்டும் முன்: நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

அவசரமான காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வீடு தேடி வந்தவர், மகளின் அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் வாங்கிப் போயிருக்கிறார், முன்பணம் 25,000 ரூபாய் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். சான்றிதழ்களை இந்த வாரமே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. கல்லூரிக்கே இல்லாத உரிமை இடையில் நிற்கும் ஆளுக்கு எங்கிருந்து வரும்? இழுத்தடித்தால் திங்கட்கிழமை திருவாரூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். மனு கொடுக்கப் போவதாகச் சொன்னாலே பெரும்பாலும் சான்றிதழ் வீடு தேடி வந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த 25,000-ஐவிடப் பெரிய நஷ்டம் அதன் பின்னால் இருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள். பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளில் இப்படிப் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் சரிதான். ஆனால் இடம் அரசுக் கலந்தாய்வு வழியாகக் கிடைத்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு சீட், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் இடம். அதில் சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதம் என்று கேட்க முடியாது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை. கலந்தாய்வில் வந்த பிள்ளைக்கு அரசு கட்டுகிறது, முன்பணம் கொடுத்து வந்த பிள்ளையின் அப்பா நகையை அடகு வைக்கிறார். வருடா வருடம் ஜூன் மாதத்தில் நான் பார்க்கும் காட்சி இது, வயிறு எரிகிறது.

அதனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் பொறியியல் கலந்தாய்வுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 250. கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து யாரோ நிரப்பட்டும் என்று விட வேண்டாம். கலந்தாய்வு உதவி மையங்களில் இலவசமாகவே செய்து தருகிறார்கள், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கண் முன்னால் நிரப்பச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்ற கட்டத்தில் விவரம் தவறினால் மொத்தமும் போய்விடும். செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, திருக்குவளையிலும் பட்டுக்கோட்டையிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. விருப்பப் பட்டியலில் இவற்றையும் சேருங்கள்.

“குறுவைக்கே கையில் பணமில்லை, சம்பா அறுத்த பிறகு அடுத்த வருடம் சேர்த்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மேட்டூர் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் கல்லூரியும் கை நீட்டுகிறது. உழவு, விதை, நடவுக் கூலி என்று இருந்த காசெல்லாம் வயலுக்குள் போயிருக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் பார்க்க தை, மாசி ஆகிவிடும். இந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு வருடம் நிறுத்தாதீர்கள் ஐயா. நம் பக்கத்தில் வீட்டில் நின்ற பெண்பிள்ளைக்கு அந்த ஒரு வருடத்தில் வரன் வருகிறது, இல்லையென்றால் திருப்பூர் வேலைக்கு ஆள் வருகிறது. நின்ற பிள்ளை திரும்பக் கல்லூரி வாசலை மிதிப்பது அபூர்வம்.

இடம் கிடைக்கவில்லை என்றாலும் நிறுத்த வேண்டியதில்லை. மன்னார்குடி, திருவாரூர் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இப்போதே சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்களும் உங்களால் தாங்கக்கூடியவைதான். பெண்பிள்ளைக்கு டவுன் பஸ்ஸிலும் கட்டணமில்லை. கணினி அறிவியல் மூன்று வருடம் நன்றாகப் படித்து, அப்புறம் எம்.சி.ஏ. போன பிள்ளைகள் யாருக்கும் குறைந்துபோகவில்லை. ஏதோ ஒரு கல்லூரியில் கடன் வாங்கி பி.இ. படிப்பதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தக் கல்லூரியானாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கியில் போய்க் கேட்டால் “ஆதார் லிங்க் ஆயிடுச்சு” என்பார்கள். அது கணக்கு திறக்கும்போது அடையாளத்துக்காகக் கொடுத்த ஆதார். அரசுப் பணம் வருவதற்கு, அந்தக் கணக்கை ஆதாரோடு தனியாக இணைக்க வேண்டும், அதை ‘சீடிங்’ என்கிறார்கள். அதற்கு வங்கியில் ஒரு படிவம் இருக்கிறது, அதில் மகள் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்ததா என்பதை ஆதார் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும். கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ இருந்தால் வராது. இதைச் செய்யாமல் ஆறு மாதம் பணம் வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தைச் சுற்றி வருகிறார்கள்.

சான்றிதழ் விஷயம். சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் உள்ள எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், உங்கள் பள்ளிச் சான்றிதழ் எங்கே என்று இப்போதே தேடி வையுங்கள். 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் போனால் அதுதான் கைகொடுக்கும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் செய்வது கோயில் நிலக் குத்தகை, பட்டா உங்கள் பெயரில் இல்லை. அதனால் வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. கேள்வி கேட்கலாம், குத்தகை ரசீதைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பு என்றால், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும்போது பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கேளுங்கள். பொறியியலில் முதல் வருடம் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய். தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கிறார்கள், ஆனாலும் விண்ணப்பிக்காமல் விட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் குறைந்தால் கல்விக் கடன். குழுக் கடன், தண்டல், நகை அடகு எல்லாம் அதற்கும் பின்னால்தான். 4 லட்சம் வரை உங்கள் பங்குத் தொகை கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு தருகிறது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவே விண்ணப்பியுங்கள், அப்போதுதான் பதிவு இருக்கும். மேலாளர் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பத்தாவது முடித்த தம்பியைத் தனியார் பள்ளிக்கு மாற்றப்போவதாக ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாற்றாதீர்கள். கடைசி இரண்டு வருடம் தனியாரில் படித்தால் அக்காவுக்கு இருக்கும் 7.5 சதவீத உரிமை அவனுக்கு இருக்காது. கடன் வாங்கிப் பள்ளிக் கட்டணமும் கட்டி, அப்புறம் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டி வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதம் முழுக்கப் பணத்தைப் பற்றி இருக்கிறது, மகளுக்கு எதில் ஆசை என்று எங்கேயும் இல்லை. பொறியியல் என்பது அவள் சொன்னதா, வீட்டுக்கு வந்தவர் சொன்னதா? கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன், கணக்கிலும் இயற்பியலிலும் வாங்கிய மதிப்பெண்களோடு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று அவளோடு பேசி முடிவு செய்கிறேன்.