ஓடவும் மலைப்பாதையில் நடக்கவும் ஜிபிஎஸ் வாட்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். இதுவரை போனைக் கையில் கட்டிக்கொண்டுதான் ஓடினேன். அடுத்து ஒரு அரை மாரத்தான் ஓடும் எண்ணம் உண்டு, அவ்வப்போது மலைப்பாதைகளிலும் நடக்கப் போவேன். ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாம் என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஐம்பது வசதி போட்டிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்:

ஐம்பது வசதி என்று போட்டிருந்தாலும் வாட்ச் நேரடியாக அளப்பது ஐந்தாறு விஷயங்களைத்தான். செயற்கைக்கோள் சிக்னல் வந்து சேர எடுத்த நேரம், தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சம், காற்றழுத்தம், கையின் அசைவு, திசை. மீதியெல்லாம் இவற்றை வைத்து மென்பொருள் போடும் கணக்கு. எரித்த கலோரி, விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு), இன்னும் எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற அறிவுரை, தூக்கத்துக்கான மார்க், மாரத்தானை எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்ற கணிப்பு எல்லாமே ஊகம். நல்ல ஊகமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊகத்துக்காக ஒரு படி மேலான மாடலுக்குப் போகாதீர்கள். அளக்க வேண்டியதை ஒழுங்காக அளக்கிறதா, அளந்ததை ஓடிக்கொண்டே படிக்க முடிகிறதா, வீடு திரும்பும் வரை சார்ஜ் நிற்குமா என்று பாருங்கள். என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

முதலில் ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து செயற்கைக்கோளுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை வாட்ச் கணக்கிடுகிறது. இடமும் உயரமும் சரியாகக் கிடைக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அது நின்ற பிறகுதான் ஓட்டத்தை அளக்கும் அளவுக்கு இந்தத் தொழில்நுட்பம் பயன்பட்டது. கார்மின் நிறுவனம் தன் முதல் ஃபோர்ரன்னர் வாட்ச்களை 2003-இல் கொண்டுவந்தது. இப்போதோ ஆரம்ப நிலை மாடல்கள் பலவும் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ போன்றவற்றையும் சேர்த்தே கேட்கின்றன.

அதனால் திறந்த வெளியில் நல்ல நிறுவனத்தின் எந்த வாட்சும் சில மீட்டருக்குள் சரியாகவே காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும், செங்குத்தான பாறைகளுக்குக் கீழேயும், அடர்ந்த மரங்களுக்கு அடியிலும்தான் தடுமாற்றம். அங்கே சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். சுற்றி வந்த தூரத்தையும் வாட்ச் சேர்த்துக் கணக்குப் போடுவதால், நீங்கள் தெருவில் ஓடினாலும் வரைபடத்தில் கட்டடத்துக்குள் ஓடியதாகக் கோடு விழும். இதைச் சமாளிக்கத்தான் இரட்டை அலைவரிசை வசதி. வழக்கமான எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலோடு எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலையும் வாட்ச் கேட்கும். எல்5-இல் சிக்னலோடு வரும் குறியீட்டின் வேகம் பத்து மடங்கு அதிகம். நேராக வந்ததையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிய அது உதவுகிறது. அதற்கு விலையாகச் சார்ஜ் வேகமாகக் குறையும்.

ஆக, இரட்டை அலைவரிசை உங்களுக்குத் தேவையா என்பதை நீங்கள் ஓடும் பாதையே சொல்லிவிடும். மைதானம், தாழ்வான வீடுகள் உள்ள தெருக்கள், கடற்கரை என்றால் தேவையில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஓடுபவரும் பள்ளத்தாக்குகளில் நடப்பவரும் வாங்கலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தேவையான இடத்தில் மட்டும் தானாக அதற்கு மாறிக்கொள்ளும் மாடல்களும் உண்டு, கிடைத்தால் அதுவே நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பெட்டியில் ஒரே வசதியைப் போட்டிருக்கும் இரண்டு வாட்ச்கள் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆன்டெனாவின் அமைப்பும் மென்பொருளும் பெரிய பங்கு வகிக்கின்றன. உங்கள் பகுதியில் அதே மாடலைக் கட்டி ஓடுபவர் யாராவது இருந்தால், அவருடைய ஓட்டக் கோட்டை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த விமர்சனத்தையும்விட அது நன்றாகச் சொல்லும்.

அரை மாரத்தான் ஓடப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போட்டியின் தூரம் 21.0975 கிலோமீட்டர். உங்கள் வாட்ச் ஏறக்குறைய நிச்சயமாக அதைவிடக் கூடுதலாகக் காட்டும். வாட்ச் கெட்டுவிட்டது என்றோ, பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்றோ பலர் சண்டைக்குப் போகிறார்கள். முறையாகச் சான்றளிக்கப்படும் பாதைகளை, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பை ஒட்டியே அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தும் வைப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை, ஜிபிஎஸ்ஸின் சின்னச் சின்ன ஆட்டமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே போட்டி நாளில் தானாக லேப் போடும் (ஒவ்வொரு கிலோமீட்டரையும் தனித்தனியாகப் பிரித்துக் குறிக்கும்) வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். அப்போதுதான் உண்மையான பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், தெரியும்.

பட்டன் என்று சொன்னேன் அல்லவா, அது எனக்கு மிக முக்கியம். வியர்வையிலும் மழையிலும் தொடுதிரை சரியாகக் கேட்காது. கையுறை போட்டால் சுத்தமாகக் கேட்காது. தொடங்க, நிறுத்த, லேப் போட, திரை மாற்ற இவை நான்கும் பட்டனில் முடியும் வாட்சை மட்டும் எடுங்கள். தொடுதிரையும் கூடவே இருந்தால் வரைபடத்தை நகர்த்திப் பார்க்க வசதி, அவ்வளவுதான்.

ஓடும்போது திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அந்த நொடியின் பேஸ் எந்த வாட்சிலும் குதித்துக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தி ஓடினால் மூச்சுத்தான் வாங்கும். லேப் பேஸ், கடந்த தூரம், இதயத்துடிப்பு ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரே திரையில் வைத்துக்கொண்டால் போதும். போனுக்கும் வாட்சுக்கும் பெரிய வேறுபாடே இந்த இடத்தில்தான். இன்றைய போன்களின் ஜிபிஎஸ் மோசமில்லை. ஆனால் கையில் கட்டிய போனை ஓட்டத்தின் நடுவே படிக்க முடியாது.

இதயத்துடிப்புக்கு வருவோம். வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்த ஓட்டம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. சீரான ஓட்டத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். வேகத்தைச் சட்டென்று கூட்டிக் குறைக்கும் இன்டர்வெல் பயிற்சியில் பின்தங்கும். குளிரில் தோலின் ரத்த ஓட்டம் குறைவதால் தடுமாறும். வாட்ச் தொளதொளவென்று இருந்தால் கை வீச்சின் தாளத்தையே துடிப்பாக எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போது துடிப்பு நிமிடத்துக்கு 170 என்று காட்டினால், அது உங்கள் காலடிகளின் எண்ணிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மார்பில் கட்டும் பட்டை அப்படியில்லை. அது இதயத்தின் மின்துடிப்பை நேராக எடுக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத துடிப்பு அளவியை 1982-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தனை பழைய வழியாக இருந்தும் இன்றைக்கும் அதுதான் நம்பகமானது. நல்ல துடிப்பு அளவுக்காக விலை கூடிய வாட்சுக்குப் போவதைவிட, எளிய வாட்சோடு தனியாக ஒரு மார்புப் பட்டை வாங்கிக்கொள்வதையே நான் சொல்வேன். ப்ளூடூத்திலோ, ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையிலோ இரண்டும் இணையுமா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பல வாட்ச்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பை வைத்துக்கொண்டு ஸோன்களை (எளிது முதல் கடினம் வரையான துடிப்பு நிலைகளை) பிரிக்கின்றன. அந்த எண் ஒருவருடைய உண்மையான அளவிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளி இருப்பது சாதாரணம். கடினமாக ஓடிய நாளில் கிடைத்த உங்கள் சொந்த எண்ணை உள்ளிட முடிகிற வாட்சாக இருக்க வேண்டும்.

மலை நடைக்குக் காற்றழுத்த உயரமானி அவசியம் என்பேன். ஜிபிஎஸ்ஸில் இடத்தைவிட உயரத்தில்தான் பிழை அதிகம். கடல் மட்டத்துக்கு அருகில் ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. சென்சார் அந்தச் சின்ன மாற்றத்தையும் பிடித்துவிடுவதால், எவ்வளவு ஏறியிருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு உருப்படியாகக் கிடைக்கும். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால், உயரம் தெரிந்த இடத்தில் ஒருமுறை சரிசெய்துகொள்வது நல்லது. ஆரம்ப நிலை மாடல்கள் சிலவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது, வாங்கும் முன் பாருங்கள். அதன் சின்னத் துளை உப்பிலும் தூசியிலும் அடைபட்டால் அளவு தவறும். வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

வழிகாட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நீங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதையைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) ஏற்றி வைத்த பாதை வெறும் கோடாகத் தெரியும். விலகினால் அதிரும், வந்த வழியே திரும்பவும் அழைத்து வரும். இன்னொன்றில் ஓடைகளும் கிளைப்பாதைகளும் உயரக்கோடுகளும் உள்ள முழு வரைபடமே வாட்சுக்குள் இருக்கும். தெரிந்த பாதைக்கும் குழுவோடு போகும் நடைக்கும் கோடு போதும். அறியாத மலையில் வழிகாட்டி இல்லாமல் போவீர்கள் என்றால் முழு வரைபடம் வேண்டும், அப்போதும் காகித வரைபடமோ போனில் இறக்கிய வரைபடமோ கூடவே இருக்கட்டும்.

இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் வாட்ச் சிக்னலை வாங்குகிறதே தவிர, நீங்கள் இருக்கும் இடத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. "விழுந்தால் வீட்டுக்குத் தகவல் போகும்" என்று விளம்பரத்தில் வரும் வசதி பெரும்பாலான மாடல்களில் பக்கத்தில் இருக்கும் போன் வழியாகத்தான் நடக்கிறது. போனுக்கு டவர் இல்லாத மலையில் அது வேலை செய்யாது. அதனால் எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

பேட்டரியில் "14 நாள்" போன்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அது ஜிபிஎஸ் ஓடாத நாட்களின் கணக்கு. ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் என்பதைத் தேடுங்கள், அதிலும் எந்த நிலையில் என்று பாருங்கள். மிக நீண்ட நேரத்தைக் காட்டும் சிக்கன நிலையில் சில மாடல்கள் இடைவெளி விட்டு விட்டுத்தான் இடத்தைக் குறிக்கும். வளைந்து நெளிந்த மலைப்பாதையில் அது வளைவுகளை வெட்டித் தூரத்தைக் குறைத்துவிடும். முழுத் துல்லிய நிலையில், உங்கள் மிக நீண்ட நடையின் இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், வருடங்கள் போகப் போகக் கொள்ளளவும் குறையும். தானே ஒளிரும் அமோலெட் திரை அழகு, உள்ளேயும் இரவிலும் தெளிவு. வெளிச்சத்தைப் பிரதிபலித்து, வெயில் ஏற ஏறத் தெளிவாகும் மிப் வகைத் திரை சார்ஜை மிகக் குறைவாகவே குடிக்கும். நாள் முழுக்க வெளியில் இருப்பவருக்கு நான் மிப்பைத்தான் சொல்வேன்.

பாட்டு, பணம் செலுத்தும் வசதி எல்லாம் உங்கள் விருப்பம். தண்ணீர் தாங்கும் அளவு 5 ஏடிஎம் என்று இருந்தால் நீச்சலுக்குப் போதும். தரவை ஃபிட் (உடற்பயிற்சிப் பதிவுக்கான கோப்பு வகை) அல்லது ஜிபிஎக்ஸ் கோப்பாக இலவசமாக வெளியே எடுக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள், வருடக்கணக்கில் சேரும் ஓட்டப் பதிவு உங்களுடையது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நடுத்தர மாடல் போதும். பட்டன்கள், காற்றழுத்த உயரமானி, கோட்டில் வழிகாட்டும் வசதி, முழு ஜிபிஎஸ்ஸில் 20 மணி நேரத்துக்குக் குறையாத பேட்டரி, கூடவே ஒரு மார்புப் பட்டை. கார்மின், கோரோஸ், சூன்டோ, போலார் நான்கிலும் இப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. புதிய மாடல் வந்ததும் விலை குறையும் முந்தைய தலைமுறையையும் தயங்காமல் வாங்கலாம், மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு.

கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். முதலில் போனோடு ஒருமுறை இணைத்துவிடுங்கள், செயற்கைக்கோள்களின் அடுத்த சில நாள் பாதை அதில் ஏறிக்கொள்ளும். வெளியே நின்று சிக்னல் பிடித்துவிட்டதாக வாட்ச் சொல்லும் வரை பொறுத்துத் தொடங்குங்கள். உங்கள் பாதையிலேயே மிகவும் மறைவான பகுதியில், சாலையின் ஒரே ஓரமாகப் போய் அதே ஓரமாகத் திரும்பி வாருங்கள். இரண்டு கோடுகளும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாலையிலேயே விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குள் புகுந்து புகுந்து போனால் அமைப்பில் செயற்கைக்கோள் நிலையை மாற்றி இன்னொருமுறை ஓடிப் பாருங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு இரட்டை அலைவரிசை உள்ளதை வாங்குங்கள்.