பதில்: பேக்கிங் பலகையில் வசனம் எழுதினால் பெயிண்ட் கசிகிறது

ஸ்தோத்திரம் பிரதர். சரக்கு அனுப்பும் பேக்கிங் பலகையில் ஸ்டென்சில் (எழுத்து வெட்டிய அச்சுத்தாள்) வைத்து பைபிள் வசனம் எழுதினால் எழுத்தோரத்தில் பெயிண்ட் மயிர் மயிராக ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். குற்றம் பெயிண்டில் இல்லை. எதுவும் பூசாத வெறும் பலகை ரேகை வழியே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வாட்டர் பேஸ் கிளியர் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஸ்டென்சிலை ஒட்டியபின் அதன் விளிம்புகளின் மீதும் அதே வார்னிஷை ஒருமுறை தடவுங்கள். கசிய வேண்டியது நிறமில்லாமல் கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். அப்புறம் ஸ்பாஞ்சில் பெயிண்ட் தொட்டு, பேப்பரில் ஒற்றி எடுத்து, கிட்டத்தட்ட உலர்ந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி வையுங்கள். இழுக்கவே கூடாது.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை: ‘ண’, ‘ன’ சுழிகளின் நடுத்துண்டு கழன்று விழும். மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கார்பன் தாளில் நகலெடுத்துப் பிரஷ்ஷால்தான் எழுதுகிறேன்.

ஒன்று கவனியுங்கள். பலகையில் ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி விஷவாயுவால் புகையூட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். ‘ஹெச்.டி.’ (HT) என்றால் வெறும் சூடேற்றியது, தாராளமாக எடுக்கலாம்.

இதே பலகையில் சிலுவை செய்ய ஆணி அடித்தால் பலகை பிளக்கிறதா? முதலில் டிரில் போட்டுவிடுங்கள்.