வாங்குமுன் ஒரு வார்த்தை: கெப் இழுக்கும், மலை விடுமா?

கேள்வி: எங்களிடம் ஒரு டீசல் டபுள் கெப் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துப் போகும் சில்லு வைத்த வீடு) ஒன்றை விற்கிறார். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கும், பள்ளி விடுமுறைக்கு அறுகம்பைக்கும் குடும்பத்தோடு கொண்டுபோக ஆசை. பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2,250 கிலோ வரை இழுக்கலாம் என்று கெப்பின் கையேட்டில் இருக்கிறது. கரவன் 1,480 கிலோதானாம். தாராளமாக இழுக்கும்தானே? மற்றக் கணக்குகள்: வெறும் கெப் 1,850 கிலோ, ஆள் சாமானோடு கெப்புக்கு உச்சம் 2,800, கெப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து உச்சம் 4,600. - பண்டாரவளை வாசகர்

பதில்: காலிமுகத்திடலில் தாராளமாக இழுக்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் கணக்கு மாறிவிடும்.

முதலில் அந்த 1,480. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுவது நமக்குப் பழகிய கதை. ட்ரெய்லர் விற்கிறவர்களும் வெட்டித்தான் சொல்வார்கள். 1,480 என்பது கரவன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் பாரம். அதற்குப் பிறகு அதில் பற்றரி, கூடார விரிப்பு, மெத்தை, சட்டி பானை எல்லாம் ஏறியிருக்கும். 40 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் 40 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டரில் 12.5 என்பது உள்ளே இருக்கும் காஸ் மட்டும். இரும்போடு தூக்கிப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரவனின் கதவோரத்தில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் உச்சப் பாரம் எழுதியிருக்கும். விற்கிறவரிடம் அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த அளவுக் கரவனில் அது பெரும்பாலும் 1,650 கிலோவை ஒட்டி இருக்கும். கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

இனி கெப். பெரியவர், சின்னவர் என்று ஐந்து பேருக்கு 330 கிலோ வைப்போம். பின்பக்கக் கூடு, மேல் கெரியர், டோ பார் (ட்ரெய்லரை மாட்டும் இரும்புச் சட்டம்) எல்லாம் 120. பைகளும் அரிசி மூட்டையும் இன்னொரு 120. கெப் 2,420 கிலோ ஆகிவிட்டது. அதோடு 1,650 சேர்த்தால் 4,070. கையேட்டின் 4,600க்கு உள்ளேதான். இங்கேயே நிறுத்தினால் நீங்கள் நினைத்தது சரி.

ஆனால் இப்படிப்பட்ட எண்கள் பொதுவாகத் தாழ்ந்த நிலத்துக்கு எழுதப்படுபவை. ஐரோப்பியச் சோதனையில் முழுப் பாரத்தோடு 12 வீதச் சரிவில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை வண்டியைக் கிளப்பிப் பார்க்கிறார்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து எஞ்சினின் சக்தி குறைகிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) இல்லாத பழைய டீசல் என்றால் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நுவரெலியா 1,868 மீட்டர்; அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி இல்லை என்றே வையுங்கள். டர்போ உள்ளதற்கு இழப்பு குறைவு. ஆனாலும் சில தயாரிப்பாளர்கள் 1,000 மீட்டரைத் தாண்டினால், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அதன் பகுதிக்கும், கெப்பும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்சப் பாரத்தில் 10 வீதத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் கையேட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் நான் குறைத்துத்தான் கணக்குப் போடுவேன். 4,600இல் 10 வீதம் போனால் 4,140. உங்கள் பாரம் 4,070. மீதி 70 கிலோ. போகிற வழியில் வெலிமடையில் ஒரு மாமா ஏறிக்கொண்டால் அதுவும் முடிந்தது.

ஏற்றத்தில் பாரம் கூடினால் என்ன ஆகும்? ஹக்கலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் புகை விட்டுக்கொண்டு, பின்னால் பத்து வாகனங்களின் ஹோர்னைக் கேட்டுக்கொண்டு போவீர்கள். வெட்கம்தான், ஆபத்து அவ்வளவாக இல்லை. என் பயம் இறக்கத்தில். எல்லயிலிருந்து வெல்லவாய வரை ஏறக்குறைய 800 மீட்டர் இறங்க வேண்டும். அறுகம்பைக்கு நீங்கள் போகும் வழி அதுதான்.

ஒரு முறை நான் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்றை நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறக்கினேன். ட்ரெய்லரில் பிரேக் இருப்பதாகச் சொல்லித்தான் தந்தார்கள். முடக்குக்கு முடக்கு பெடலை மிதித்துக்கொண்டே வந்தேன். தெருவோரத்தில் கரட் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தி, “தம்பி, சில்லுல புகை வருது” என்றார். இறங்கிப் பார்த்தால் கெப்பின் முன் சில்லு பக்கம் கை வைக்க முடியாத சூடு. ட்ரெய்லரின் சில்லோ பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. அதன் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இவ்வளவு தூரமும் இரண்டு வாகனங்களின் பாரத்தையும் கெப் ஒன்றே தாங்கி வந்திருக்கிறது.

இங்கிலாந்துக் கரவனில் பெரும்பாலும் தள்ளு பிரேக்தான் இருக்கும். கெப் வேகத்தைக் குறைத்ததும் கரவன் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளல் கம்பியை இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். வாங்கப் போகும்போது ஒரு கராஜ்காரரையும் கூட்டிப்போங்கள். ஒரு பக்கத்து சில்லை ஜாக்கியில் தூக்கிக் கையால் முன்னோக்கிச் சுற்றச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். இறுகிப் பிடிக்க வேண்டும், விட்டதும் உரசாமல் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. வெயிலில் நின்ற கரவனில் டயரின் பூ தேயாமல் இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். பூவைக் காட்டி ஏமாற்றுவார்கள்.

அப்புறம் மூக்குப் பாரம், அதாவது கெப்பின் டோ பார் மேல் கரவனின் முன்பக்கம் அழுத்தும் பாரம். ஐரோப்பியக் கரவனுக்கு மொத்தத்தில் 5 முதல் 7 வீதம். 1,650க்கு 100 கிலோ அளவில் வரும். கெப்பின் டோ பாரிலும் கரவனின் கொக்கியிலும் இதற்கு ஒரு வரம்பு அடித்திருக்கும், இரண்டில் குறைந்ததுதான் கணக்கு. அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சமதரையில் கரவனைச் சமமாக நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, வீட்டில் ஆள் நிறுக்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி, அதன் மேல் மூக்கை இறக்குங்கள். பின்பக்கம் பாரம் கூடி மூக்கு இலேசானால் ஓட்டத்தில் கரவன் வாலை ஆட்டும். ஆடத் தொடங்கினால் கெப்பையும் சேர்த்து இழுக்கும். கரவனில் ஏற்றும் பாரமான சாமானையும் தண்ணீரையும் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள்.

என் முடிவு: இந்தக் கரவனை விடுங்கள். தகட்டில் உச்சம் 1,200, 1,300 கிலோ உள்ளதாகப் பாருங்கள். இரண்டு கட்டில் கிடைக்கும், குளியலறை கிடைக்காமல் போகலாம். குளிப்பதற்கு மலைநாட்டில் பீலிக்கா பஞ்சம்?

இன்னொன்று. நம் நாட்டில் பி வகை சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இழுக்கும் ட்ரெய்லருக்குப் பாரக் கட்டுப்பாடு இருக்கிறது, சிறிய ட்ரெய்லரை மனதில் வைத்துப் போட்டது அது. முற்பணம் கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். கரவனுக்குத் தனிப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்துப் போகும்போது விபத்து நடந்தால் காப்புறுதி ஈடு தருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டோ பார் பூட்டக் கடையில் பெரிய விலை சொல்கிறார்கள். எங்கள் ஊர் வெல்டிங் பாஸ் பின் பம்பரிலேயே ஒரு கொக்கியைப் பற்ற வைத்துத் தருவதாகவும், பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டால் எந்தப் பாரமும் தாங்கும் என்றும் சொல்கிறார். செய்யலாமா? - ஹட்டன் வாசகி

பதில்: பாஸ் கேட்டுக்குக் கொண்டி போடுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். பம்பர் இடி வாங்குவதற்குச் செய்தது, இழுப்பதற்கு அல்ல. டோ பார் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டுப் பூட்டப்பட வேண்டும், அதன் தகட்டில் எவ்வளவு இழுக்கும் என்ற எண் இருக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் சேஸியும் முன்பு இருந்தவையேதான், உச்சப் பாரம் ஒரு கிலோகூட அதிகரிக்காது. பாதுகாப்புச் சங்கிலிக்கும் சேஸியோடு சேர்ந்த வளையம் கேளுங்கள். மூக்குக்குக் கீழே இரண்டு சங்கிலியையும் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் மூக்கு தாரில் குத்தாமல் சங்கிலியில் தங்கும்.

கேள்வி: கொக்கிக் குண்டு (ட்ரெய்லரின் கொக்கியை மாட்டும் டோ பார் உருண்டை) 50 மில்லிமீட்டர் வாங்குவதா, 2 அங்குலம் வாங்குவதா? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். - வெலிமடை வாசகர்

பதில்: ஒன்றல்ல. 2 அங்குலம் என்றால் 50.8 மில்லிமீட்டர். 2 அங்குலக் கொக்கியை 50 மில்லிமீட்டர் குண்டில் மாட்டினால் பூட்டியது போலத் தெரியும், குழியில் விழும்போது கழன்றுவிடலாம். ட்ரெய்லரின் கொக்கியில் அளவு அடித்திருக்கும். அதைப் பார்த்து அதே அளவுக் குண்டை வாங்குங்கள்.